விஷவாயுவும் கிருமியும் எளிதில் கிடைக்குமென்றால், தீவிரவாதிகள் அவற்றை ஏன் அதிகம் தொடவில்லை?

“ரசாயன, உயிரியல் ஆயுதங்களை ‘ஏழையின் அணுகுண்டு’ என்கிறார்கள். செலவு குறைவு, படித்த நாலு பேர் சேர்ந்தால் போதும் என்கிறார்கள். அப்படியானால் தீவிரவாதக் குழுக்கள் ஏன் இவற்றை இவ்வளவு அபூர்வமாகப் பயன்படுத்தியிருக்கின்றன? பயன்படுத்தியவர்கள் எதற்காகச் செய்தார்கள்?” இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில் பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்க்காத வாரம் கிடையாது. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வாயில் நுரை தள்ளும். போட்டிருக்கும் சட்டை வியர்வையில் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற விஷத்தைப் பரப்பிய செய்தியைப் படித்தபோது, வெளியே ஏறி வந்த பயணிகள் காலை வெயிலிலேயே எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்று சொன்னதாக வந்த வரியில் நின்றுவிட்டேன். கண்மணி அப்படிச் சுருங்கினால் உலகம் இருட்டாகத்தான் தெரியும். சரின் என்பது நம் வயல்களில் தெளிக்கும் சில பூச்சிமருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சு. அன்று தொடங்கியது, இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிப்பது.

படித்ததில் எனக்குத் தெளிவானவை இரண்டு. செய்தவர்களின் உண்மையான நோக்கம், அவர்கள் பேசிய பேச்சோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது. அவர்களைத் தடுத்ததில் பொருள் கிடைக்காத குறையைவிட மனிதர்களுக்குள் இருந்த குறைகளுக்கே பங்கு அதிகம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இந்த நஞ்சுகளால் ஆயிரக்கணக்கில் கொன்றவை அரசாங்கங்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டது. 1988 மார்ச் 16 அன்று சதாம் உசேனின் விமானங்கள் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் விஷவாயு வீசியதில் சுமார் 5000 பேர் செத்தார்கள். அரசாங்கத்துக்கு ஆலை உண்டு, விமானம் உண்டு, சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து முறை தோற்றாலும் பதினோராவது முறை முயல நேரம் உண்டு. ஒளிந்து வாழும் குழுவுக்கு இதில் எதுவுமே இல்லை. ‘ஏழையின் அணுகுண்டு’ என்பது அணுகுண்டு செய்ய வசதியில்லாத நாடுகளை மனதில் வைத்துச் சொன்ன சொல். அதைக் கொண்டுபோய் ஒரு வாடகை வீட்டில் கூடும் பத்துப் பேருக்கு ஒட்டியதில்தான் குழப்பமே.

அரசு அல்லாத அமைப்புகளில் இந்த வழியில் மிக அதிக தூரம் போனது, டோக்கியோ ரயிலில் அந்தச் சரினைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக் குழு. பெயரில் இருப்பது நம் ஓங்காரமேதான். ஷோகோ அசஹாரா என்ற பார்வைக் குறைபாடுள்ள மனிதர் 1984இல் டோக்கியோவில் யோகா பள்ளியாகத் தொடங்கினார். இமயமலையில் ஞானம் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டார், சிவனை முதன்மைத் தெய்வமாக வைத்தார். ஃபூஜி மலையடிவாரத்தில் காமிகுயிஷிகி என்ற கிராமத்தில் கட்டிய கட்டடங்களுக்கு ‘சத்யம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லையே பெயராக வைத்து எண் கொடுத்தார்கள். சரின் தயாரிக்க எழுப்பிய ஆலைக்குப் பெயர் சத்யம் 7. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பெயர் எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது.

1989 ஆகஸ்டில் அரசு அதை மத அமைப்பாகப் பதிவு செய்தது. அந்த நவம்பரிலேயே, அமைப்பை எதிர்த்து வழக்காடி வந்த ஒரு வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் வீடு புகுந்து கொன்றார்கள். உடல்கள் கிடைத்தது 1995இல். 1990 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் 25 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை. அசஹாராவுக்கே 1783 வாக்குதான். தன்னை ரட்சகன் என்று நம்பியவருக்கு, ஊரறிய நடந்த அவமானம் அது. உலகம் அழியப்போகிறது, நம்மோடு இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள் என்ற பேச்சு அதன் பிறகுதான் சூடு பிடித்தது. இரண்டு மாதத்தில், ஏப்ரலில், சுமார் ஆயிரம் பக்தர்களை இஷிகாகி என்ற தொலைதூரத் தீவுக்கு முகாம் என்று கூட்டிப்போனார். அதே நேரத்தில் டோக்கியோவில் போட்டுலினம் என்ற நச்சைத் தெளிக்க ஆட்களை ஏவியிருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெளித்ததில் நச்சே வேலை செய்யவில்லை என்பதுகூட அன்று யாருக்கும் தெரியவில்லை.

இதில் சேர்ந்தவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியலில் உயர்படிப்பு முடித்த மாசாமி சுச்சியா, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆராய்ச்சியை விட்டு வந்த செய்இச்சி எண்டோ, இதய அறுவை மருத்துவரான இக்குவோ ஹயாஷி. இந்த ஹயாஷி டோக்கியோ ரயிலில் சரின் பையைக் கொண்டுபோன ஐந்து பேரில் ஒருவர். உயிர் காக்கப் படித்த கை அது. ஒரு மருத்துவனாக இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அவர்களுக்கு அசஹாரா கொடுத்த மருந்து ‘போவா’ என்ற சொல். மரணத்தில் உணர்வை மேல்நிலைக்கு அனுப்புவது என்று திபெத்திய பௌத்தத்தில் இருந்த கருத்து அது. பாவம் சேர்ப்பவனைக் கொன்றால் அவனுக்கே நல்லது என்று அதைத் திருப்பிப்போட்டார். கொலையைக் கருணை என்று நம்ப வைத்துவிட்டால், அதன் பிறகு எந்த மனசாட்சியும் குறுக்கே வராது. பெரும்பாலான தீவிரவாதக் குழுக்களிடம் இந்தக் கதவு இவ்வளவு முழுசாகத் திறந்திருப்பதில்லை. இந்த ஆயுதங்கள் அபூர்வமாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் உண்மையில் செய்தபோது எதற்காகச் செய்தார்கள் என்று பாருங்கள். 1994 ஜூன் 27 இரவு மாட்சுமோட்டோ நகரத்தில் சரினைப் பரப்பினார்கள். அங்கே அவர்கள் வாங்கிய நிலம் பற்றி ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்பு தங்களுக்கு எதிராக வரும் என்று பயந்து, நீதிபதிகள் தங்கியிருந்த குடியிருப்பைக் குறிவைத்தார்கள். அப்போது 7 பேர் செத்தார்கள். 1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை, டோக்கியோவில் மூன்று சுரங்கப்பாதைத் தடங்களில் ஐந்து ரயில்களில் சரினைக் கசியவிட்டார்கள். அமைச்சகங்களும் போலீஸ் தலைமையகமும் இருக்கும் கசுமிகசெகி நிலையத்தை நோக்கி வந்தவை அவை. போலீஸ் பெரிய சோதனைக்குத் தயாராகிறது என்ற தகவல் கசிந்திருந்தது, அதைக் குலைக்கத்தான் இது. உலக அழிவு, இறுதிப் போர், புதிய ராஜ்யம் என்று பேசியதெல்லாம் பெரிது. செய்தது ஒரு நிலத் தகராறுக்கும் ஒரு போலீஸ் சோதனைக்கும்.

டோக்கியோவில் 13 உயிர்கள் என்று பல ஆண்டுகள் கணக்கு நின்றது. 25 ஆண்டு படுக்கையில் கிடந்த ஒரு பெண் 2020இல் இறந்ததும் அது 14 ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 6000. கசுமிகசெகியில் அந்தப் பொட்டலத்தை அப்புறப்படுத்தித் தரையைத் துடைத்த நிலைய ஊழியர்கள் இருவரும் இறந்தவர்களில் அடக்கம். எது என்று தெரியாமலே துடைத்தவர்கள்.

ஓம் அமைப்புக்குப் பணத்துக்குக் குறைவில்லை, ஜப்பானில் மட்டும் சுமார் பத்தாயிரம் பக்தர்கள், சொந்த நிலம், சொந்த ஆலை. அப்படியிருந்தும் அவர்களுடைய கிருமி முயற்சிகள் ஒன்றுகூட யாரையும் கொல்லவில்லை. 1993 ஜூன் இறுதியில் டோக்கியோவின் காமெய்டோ பகுதியில் தங்கள் கட்டடத்து மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமியைப் பரப்பினார்கள். அக்கம்பக்கத்தில் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் போனதுதான் மிச்சம். கால்நடைகளுக்குப் போடும் தடுப்பூசியில் இருக்கும், நோய் உண்டாக்காத வகை அது என்று ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் தெரிந்தது. நுணுக்கங்களுக்குள் நான் போகப்போவதில்லை, இந்தக் கேள்விக்கு அவை தேவையும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அமைப்பின் உள்ளே இருந்த காற்று. குருவிடம் போய் “இது வேலை செய்யவில்லை” என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. தோல்வி என்றால் பக்திக் குறைவு. பொறுப்பு விசுவாசத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. தவறைத் தவறென்று சொல்ல முடியாத இடத்தில் ஆராய்ச்சி நடக்காது. நாம் வேலை செய்த இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம், அங்கே கோப்பு தேங்கும், அவ்வளவுதான்.

ரகசியம் காப்பதும் சுமைதான். ஆலை பெரிதாக ஆக, அதில் வேலை செய்யும் கைகள் பெருகும், கசியும் வாய்களும் பெருகும். 1994 ஜூலையில் காமிகுயிஷிகி கிராமத்தார் மூச்சடைக்கும் நாற்றம் என்று புகார் செய்தார்கள். அங்கே மண்ணில் சரின் எச்சம் கிடைத்த செய்தியை 1995 புத்தாண்டு நாளிதழ் வெளியிட்டதும், அசஹாரா கையிருப்பில் இருந்த சரினை அழிக்கச் சொன்னார். மார்ச்சில் பயன்படுத்தியது அவசரத்தில் மறுபடி செய்த, கலப்படமான சரக்கு. அது தரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதற்கு ஒரு மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் ஒரு லாரி குண்டு 168 பேரைக் கொன்றது. அதில் இரண்டு பேர்தான் முக்கியக் குற்றவாளிகள். கொல்வது மட்டுமே குறி என்றால் துப்பாக்கியும் வெடியும் போதும் என்பது எந்தத் தீவிரவாதிக்கும் தெரியும். பழகிய ஆயுதத்தை விட்டுவிட்டு விஷத்துக்கு வருகிறான் என்றால் அவனுக்குக் கொலையைத் தாண்டி வேறொன்று வேண்டும். பயமோ, மர்மமோ, யார் செய்தார்கள் என்று தெரியாமல் தப்புவதோ.

தப்புவதற்காகச் செய்ததற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் நடந்தது. புனேயிலிருந்து அமெரிக்கா போன ரஜனீஷின் (பின்னாளில் ஓஷோ) ஆசிரமம் அங்கே சுமார் 64,000 ஏக்கர் பண்ணையில் இருந்தது. நில உபயோகச் சட்டம் குறித்து வட்டார நிர்வாகத்தோடு ஓயாத சண்டை. 1984 நவம்பரில் வட்டாரத் தேர்தல் வந்தது. உள்ளூர் வாக்காளர்கள் வாக்களிக்க வராமல் படுத்துவிட்டால் தங்கள் ஆட்கள் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். செப்டம்பரிலேயே ஒத்திகை. தி டேல்ஸ் என்ற சிறு நகரத்தில் பத்து உணவகங்களில், வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்துப்போட்டுக்கொள்ளும் காய்கறித் தட்டுகளில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். 45 பேர் மருத்துவமனையில். சாவு இல்லை. சுகாதாரத் துறை விசாரித்து, சமையல் ஊழியர்களின் கைச்சுத்தக் குறைவுதான் காரணம் என்று முடித்தது. உணவு நஞ்சாதல் விசாரணைகளைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நானும் அப்படித்தான் முடித்திருப்பேன். ஒரு வருடம் கழித்து உள்ளேயே பிளவு வந்து, ரஜனீஷே பத்திரிகையாளர்களைக் கூட்டித் தன் செயலாளர் ஷீலாவின் மேல் குற்றம் சாட்டியபோதுதான் வெளியே வந்தது. ஆசிரம ஆய்வகத்தில் அதே கிருமி கிடைத்தது. தேர்தலிலோ, சந்தேகப்பட்ட ஊர்மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள்.

நமக்கு மிக அருகே ஒரு சம்பவம் உண்டு, நாம் பேசத் தயங்குவது. 1990 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டம் கிரானில் இருந்த இலங்கை ராணுவ முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். 60க்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டார்கள். போர் மறுபடி வெடித்த நேரம், கனரக ஆயுதம் போதவில்லை, பக்கத்துக் காகித ஆலையில் இருந்தது குளோரின். கைக்கு எட்டியதை எடுத்தார்கள் என்பதுதான் அதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலோர் எழுதியிருப்பது. காற்று திரும்பி, அவர்கள் பக்கமும் கொஞ்சம் வீசியது. பின்னர் 19 ஆண்டுகள் நீண்ட போரில், கடைசியில் எல்லாம் கைவிட்டுப் போன நாட்களிலும், அந்தப் பாதை அவர்களின் வழக்கமாக மாறவில்லை. ஏன் என்று அவர்கள் விளக்கியதாக நான் படித்ததில்லை. என் ஊகம் இது. தங்களை ஒரு தேசத்தின் படை என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்களுக்கு உலகத்தின் அங்கீகாரம் வேண்டியிருந்தது, கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த தமிழர்களின் ஆதரவு வேண்டியிருந்தது. சண்டை நடந்த மண்ணிலோ அவர்களுடைய சொந்த மக்களே இருந்தார்கள். மக்களை நம்பி நிற்கும் இயக்கத்துக்கு இது பெரிய கடிவாளம். அசஹாராவுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. அவருக்கு வெளியுலகில் யாரும் வேண்டியவர் இல்லை, உள்ளே இருந்தவர்களுக்கோ அவர் சொன்னதே வேதம்.

ஈராக்கில் 2007 வாக்கில் அல்-கொய்தா கிளை குளோரின் லாரிகளை வெடிக்க வைத்தது. அவற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிதான், குளோரின் அல்ல. சில மாதங்களில் அதை விட்டுவிட்டார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 2001 அமெரிக்க ஆந்த்ராக்ஸ் கடிதங்கள். செப்டம்பர் 11க்கு அடுத்த வாரங்களில் பத்திரிகை அலுவலகங்களுக்கும் செனட்டர்களுக்கும் உறையில் பொடி வந்தது. 5 பேர் சாவு, 17 பேருக்கு நோய். இறந்தவர்களில் தபால் பிரிக்கும் ஊழியர்கள் இருவர். அவர்கள் யாருக்கும் எதிரி இல்லை. குகைகளிலும் ரகசிய முகாம்களிலும் தேடிய புலனாய்வு, கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆய்வகத்தில் போய் நின்றது. ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியில் வாழ்நாளெல்லாம் வேலை செய்த புரூஸ் ஐவின்ஸ் என்ற விஞ்ஞானிதான் செய்தார் என்று எஃப்.பி.ஐ. முடிவு செய்தது. குற்றம் சாட்டப்படும் முன்பே, 2008 ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றை மட்டும் வைத்து அவர்தான் என்று அறுதியிட முடியாது என்று 2011இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு சொன்னது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எஃப்.பி.ஐ. சொன்ன நோக்கம் சரியென்றால், நின்றுபோக இருந்த தன் தடுப்பூசித் திட்டத்தைக் காப்பாற்ற நினைத்தார் என்பதே அது. மறுபடியும் பாருங்கள், எவ்வளவு சின்ன நோக்கம்.

ஓம் அமைப்பைக் கட்டிப்போட்ட எதுவும் இங்கே இல்லை. குரு இல்லை, ரகசியம் காக்க வேண்டிய கூட்டம் இல்லை, பயிற்சியில்லாத பக்தர்கள் இல்லை. பொருள், திறமை, நேரம் மூன்றும் சட்டப்படியே கையில். அதனால்தான் வெளியிலிருந்து வரும் மர்மக் குழுவைவிட, இந்த நஞ்சுகளைச் சட்டப்படி கையாளும் இடங்களின் பதிவேடும் பூட்டும் முக்கியம் என்று நினைக்கிறேன். அங்கே உடைந்துபோய் இருக்கும் ஒரு சக ஊழியரைக் கவனிக்கும் கண் அதைவிட முக்கியம்.

நம் பேச்சே நோக்கத்தை உண்டாக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அல்-கொய்தாவின் அய்மன் அல்-சவாஹிரி 1999இல் எழுதிய ஒரு குறிப்பு காபூலில் கிடைத்த கணினியில் இருந்தது. இந்த ஆயுதங்கள் எளிதில் செய்யக்கூடியவை என்று எதிரிகள் திரும்பத் திரும்பக் கவலைப்பட்டுப் பேசியதால்தான் தங்கள் கவனம் இவற்றின் பக்கம் திரும்பியது என்று அதில் எழுதியிருந்தார். ‘எவனும் சமையலறையில் செய்யலாம்’ என்று பரவும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறிப்புதான் நினைவுக்கு வரும். அது உண்மையும் இல்லை, சொல்வதால் நன்மையும் இல்லை.

சாவு எண்ணிக்கை குறைவு என்பதால் இவை சின்னக் குற்றங்கள் ஆகிவிடாது. மாட்சுமோட்டோவில் முதலில் அவசர எண்ணுக்கு அழைத்த மனிதரின் வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன. போலீஸ் அவரையே சந்தேகித்தது, பத்திரிகைகள் கிட்டத்தட்டக் குற்றவாளியாக்கின. அவர் மனைவியோ நினைவு திரும்பாமல் மருத்துவமனையில். டோக்கியோ நடந்த பிறகுதான் அவர் பெயர் சுத்தமானது, தேசியப் பொதுப் பாதுகாப்பு ஆணையத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். மனைவி 14 ஆண்டுகள் அப்படியே கிடந்து 2008இல் இறந்தார். போலீஸ் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த மாதங்களில், ஃபூஜி அடிவாரத்தில் ஓம் அமைப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பயப்பட வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, டோக்கியோவின் செயின்ட் லூக் மருத்துவமனையைச் சொல்வேன். அன்று ஒரே நாளில் 640 பேர் அங்கே வந்தார்கள். அதன் தலைவர் ஷிகெஅகி ஹினோஹரா போர்க்காலக் குண்டுவீச்சில் நோயாளிகளுக்கு இடமில்லாமல் தவித்தவர். புதுக் கட்டடம் கட்டும்போது தாழ்வாரங்களை அகலமாக வைத்து, வழிபாட்டுக் கூடத்துச் சுவரில்கூட ஆக்ஸிஜன் குழாய் பதிக்கச் சொல்லியிருந்தார். வீண் செலவு என்று பேசியவர்கள் உண்டு. அன்று அந்தக் கூடத்தில்தான் நோயாளிகளைக் கிடத்தினார்கள். என்ன நஞ்சு என்று யாருக்கும் தெரியாத காலை நேரம். மாட்சுமோட்டோ நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்திருந்த ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து, தானாகவே தொடர்புகொண்டு, இது சரினாக இருக்கும் என்று எச்சரித்தார். கொடுக்க வேண்டிய மாற்று மருந்துகள் இரண்டு: அட்ரோபின், ‘பாம்’ (PAM). பூச்சிமருந்து நோயாளிகள் அதிகம் வராத பெருநகரத்தில் பாம் போதவில்லை, வெளியூர்களிலிருந்து வரவழைத்தார்கள். எங்கள் வார்டில் அந்த இரண்டு மருந்தும் கதவுக்குப் பக்கத்து மேசையில், செவிலியர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் இடத்தில் இருக்கும்.